சம்பந்தி வீட்டுப் பாஷை

மாசி மாதத்தில் ஒரு நாள் தபால்காரர் என் அறைக்கு வந்து ஒரு அட்டையை நீட்டினார். அம்பாசமுத்திரத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் எனக்கு ஓர் அறை இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். நான் பத்திர எழுத்தர். கிரயம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலை, எது வேண்டுமானாலும் எழுதிக் கொடுப்பேன். எனக்கு வருகிற தபால் எல்லாம் காக்கி உறையில்தான் வரும். இந்த அட்டையில் ஒரு பசுமாடு நின்றது, கறுப்பு வெள்ளையில், நல்ல கொழுத்த மாடு. பின்பக்கம் நெதர்லாந்துத் தபால்தலை, நீல மையில் நான்கு வரி. என் பெயரும் முகவரியும் பின்கோடும் ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தன. மற்றதில் ஒரு சொல்லும் புரியவில்லை.

யார் அனுப்பியது என்று கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. நெதர்லாந்திலிருந்து எனக்கு எழுதக்கூடியவர் ஒருவர்தான். என் மகளின் மாமியார்.

மகள் அங்கே தண்ணீர் நிர்வாகம் படிக்கப் போனாள். ஊரே ஆற்றங்கரையில் இருக்கிறது, தண்ணீரைப் பற்றிப் படிக்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேலி பண்ணித்தான் அனுப்பி வைத்தேன். படித்தாள், வேலை கிடைத்தது, அந்த ஊர்ப் பையன் ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். நான் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து, பேச்சையும் பாதி முடித்து வைத்திருந்தேன். கூடாது என்றேன். அவள் என் மகள், என் பிடிவாதம் அவளுக்கும் உண்டு. அங்கே நகரசபை அலுவலகத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அன்றிலிருந்து அவளோடு எனக்குப் பேச்சு இல்லை. மூன்று வருஷம். என் மனைவி பேசுவாள். அவள் போனில் மகளின் படம் வந்தாலே நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவேன்.

அட்டையைப் போன் கேமராவில் காட்டினேன். போன் மொழிபெயர்த்துச் சொன்னது: உங்கள் மகளின் பிறந்தநாளுக்கு உங்களுக்கு வாழ்த்துகள்.

போன் உளறுகிறது என்று நினைத்தேன். பிறந்தநாள் அவளுக்கு, வாழ்த்து எனக்கா? வீட்டுக்குப் போய் மனைவியிடம் அட்டையைக் காட்டினேன். அவள்தான் முகவரியைக் கொடுத்திருக்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"அந்த ஊர்ல அப்படித்தானாம். ஒருத்தருக்குப் பொறந்தநாளுன்னா அப்பா, அம்மா, கூடப் பொறந்தவங்க எல்லாருக்கும் கை குடுத்து வாழ்த்துச் சொல்லுவாங்களாம். பிள்ள சொன்னா."

"எனக்கு என்னத்துக்குச் சொல்லணும்?"

"நீங்கதானே அப்பா," என்றாள். சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லாமல் கடந்து போன பிறந்தநாளுக்கு, முன்பின் பார்த்திராத ஒரு பெண்மணி எனக்கு அட்டை வாங்கி, தபால்தலை ஒட்டி, வாழ்த்து எழுதியிருக்கிறார். கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பத்திரத்தில் நான்கெல்லை எழுதும்போது வடக்கை இரண்டு தடவை எழுதி, கிழக்கை விட்டுவிட்டேன். பார்ட்டி படித்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, எனக்குக் கிழக்க ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். இருபத்தாறு வருஷத்தில் எனக்கு இப்படி நடந்ததில்லை.

பதில் எழுத வேண்டும். சம்பந்தி எழுதினால் பதில் எழுதாமல் இருக்கக் கூடாது, அது மரியாதை இல்லை. இங்கிலீஷில் எழுதலாம்தான். என் இங்கிலீஷ் வில்லங்கச் சான்றிதழ் இங்கிலீஷ். அதை வைத்து ஒரு மனுஷியை நலம் விசாரித்தால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கும். அதோடு, பெண்ணைக் கொடுத்தவன்தான் மாப்பிள்ளை வீட்டு வாசலுக்குப் போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. வாசலுக்குப் போக எனக்கு விசா இல்லை. பாஷை வரைக்கும் போகலாம் என்று தோன்றியது. இப்படித்தான் ஐம்பத்தெட்டு வயதில் டச்சு இலக்கணம் படிக்க ஆரம்பித்தேன்.

நெட்டில் ஒரு புத்தகம் கிடைத்தது. முந்நூற்றுச் சொச்சம் பக்கம், இங்கிலீஷ் வழியாக டச்சு படிப்பவர்களுக்கானது. எனக்குக் கம்ப்யூட்டரில் படித்தால் மண்டையில் ஏறாது. அலுவலகத்தை ஒட்டிய ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அச்செடுத்து, ஸ்பைரல் போடச் சொன்னேன். கடைக்காரர் ஒவ்வொரு தாளாக எட்டிப் பார்த்துக்கொண்டே போட்டார்.

"என்னவே இது? எந்த ஊரு சட்டம்?"

"சட்டம் இல்லவே. இலக்கணம்."

"உமக்கா?"

"எனக்குத்தான்."

"பத்திரம் எழுதுத ஆளுக்கு இது வேற வேணுமாக்கும்," என்று சொல்லிவிட்டு முன்பக்கத்துக்கு ஒரு நீல அட்டை வைத்தார். நான் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வருகிற நேரமாக அது இல்லை.

என் தொழிலில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். ஒரு கிரயப் பத்திரம் எடுத்தால் இன்ன ஊரில் வசிக்கும் இன்னாருடைய மகன் இன்னாராகிய நான் என்று தொடங்கி, எனக்குப் பாத்தியப்பட்டு என் அனுபவத்தில் இருந்து வருவதும் என்று இழுத்து, சர்வே எண், நான்கெல்லை, கிணற்றில் பங்கு, வண்டிப்பாதை எல்லாம் சொல்லி, ஒரு பக்கம் முழுக்க ஒரே வாக்கியமாக ஓடி, கடைசி வரியில்தான் விற்றிருக்கிறேனா தானமாகக் கொடுத்திருக்கிறேனா என்பது தெரியும். அதுவரை எதிரில் இருப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது எனக்குப் பிடிக்கும். சொல்ல வந்ததை எடுத்த எடுப்பில் போட்டு உடைப்பது என்ன பேச்சு?

டச்சில் போட்டு உடைக்கிறார்கள். முதல் பாடமே அதுதான். வினைச்சொல் இரண்டாவது இடத்தில் வர வேண்டும். முதலில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள், ஆளை வை, நாளை வை, ஊரை வை. இரண்டாவது நாற்காலி வினைச்சொல்லுக்கு ரிசர்வ் பண்ணியாகிவிட்டது. 'நான் எழுதினேன் கடிதம்.' சரி. 'நேற்று' என்று ஆரம்பித்தால் 'நேற்று நான்' என்று போக முடியாது. 'நேற்று எழுதினேன் நான் கடிதம்' என்று வினையை உட்காரவைத்துவிட்டு, 'நான்' அதற்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். எனக்கு ஆங்காரமாக வந்தது. நான் எதற்கு ஒரு எழுவாயைப் பின்னால் தள்ள வேண்டும்? ஒரு மாதம் இந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. பயிற்சிக்குப் பத்து வாக்கியம் எழுதினால் எட்டில் 'நான்' முன்னால் வந்து நின்றுகொண்டிருக்கும். அடித்து அடித்து எழுதியதில் நோட்டு கந்தலாகிவிட்டது.

அப்புறம் இறந்தகாலம் வந்தது. அதில் கொஞ்சம் ஆறுதல். 'நான் நேற்று வீட்டை விற்றேன்' என்பதற்கு, 'இருக்கிறது' போன்ற ஒரு சின்னத் துணைவினையை இரண்டாவது இடத்தில் வைத்துவிட்டு, 'விற்ற' என்ற சொல்லை வாக்கியத்தின் கோடியில் கொண்டுபோய் வைக்கிறார்கள். இடையில் நேற்று, வீடு, விலை, எல்லாம் வரிசையாக வந்து உட்காரும். ஏதோ நடந்துவிட்டது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள், என்ன நடந்தது என்பது மட்டும் கடைசியில். இது கிட்டத்தட்ட என் பத்திரம். அந்தப் பாடம் படித்த அன்று மனைவியிடம் இரண்டாம் காபி கேட்டேன்.

'ஓம்தாட்' என்று ஒரு சொல் இருக்கிறது. 'ஏனென்றால்' என்று அர்த்தம். அதைச் சொல்லிவிட்டால் அதற்குப் பின் வருகிற பகுதியில் வினைச்சொல் அடங்கி ஒடுங்கிக் கடைசிக்குப் போய்விடும், நம் தமிழில் போல. அதைக் கண்டுபிடித்த பிறகு எதற்கெடுத்தாலும் காரணம் சொல்ல ஆரம்பித்தேன். பஸ்ஸில் போகிறேன், ஏனென்றால் திருநெல்வேலியில் எனக்கு வேலை இருக்கிறது. குடை எடுத்தேன், ஏனென்றால் மலையில் மேகம் நிற்கிறது. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கு மாதத்தில் நாலைந்து தடவை போக வேண்டியிருக்கும். ஒன்றேகால் மணி நேரப் பிரயாணம். வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள்ளேயே பேசிக்கொண்டு போவேன். கல்லிடைக்குறிச்சி வருவதற்குள் காலம், சேரன்மகாதேவிக்குள் விதம், பேட்டைக்குள் இடம் என்று சொல்வரிசையை மனப்பாடம் பண்ணினேன். 'நாளைக்கு பஸ்ஸில் திருநெல்வேலிக்கு' என்று நாம் சொல்லும் வரிசைதான் அவர்களுக்கும். அதற்காக ஒரு முழு அத்தியாயம் எழுதியிருந்தார்கள், பாவம், இங்கிலீஷ்காரர்களுக்கு அது தலைகீழாம்.

மற்றதெல்லாம் இப்படி லேசில் வரவில்லை. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'த' என்றோ 'ஹெட்' என்றோ போட வேண்டும். எதற்கு எது என்று விதி பெரிதாகக் கிடையாது. பசுவுக்கு 'த', செம்மறிக்கு 'ஹெட்'. வீட்டுக்கு 'ஹெட்', புத்தகத்துக்கு 'ஹெட்', சின்னப் பெண்பிள்ளைக்கும் அதே 'ஹெட்'. பிள்ளையையும் புத்தகத்தையும் ஒரே கணக்கில் வைக்கிறார்களே என்று முதலில் திகைத்தேன். பிறகு ஞாபகம் வந்தது, நாங்களும் அப்படித்தான். என் மகள் கைப்பிள்ளையாக இருந்தபோது, 'அது தூங்கிட்டுதா, அது பால் குடிச்சிட்டுதா' என்றுதான் கேட்பேன். அவள் பள்ளிக்கூடம் போன பிறகும் ரொம்ப நாள் அவள் எனக்கு 'அது'தான். அந்தப் பக்கத்துக்கு மேல் அன்றைக்குப் படிக்க ஓடவில்லை.

மரியாதையில் மட்டும் நான் கெட்டி. 'நீ' என்பதற்கு ஒரு சொல், 'நீங்கள்' என்பதற்கு ஒரு சொல் அவர்களிடமும் இருக்கிறது. இந்தக் காலத்தில் எல்லாரும் 'நீ'யே போட்டுக்கொள்கிறார்கள் என்று புத்தகத்தில் அடிக்குறிப்பு இருந்தது. அந்தக் காலம் அவர்களோடு இருக்கட்டும் என்று 'நீங்கள்' இருக்கிற வாக்கியங்களாகப் பார்த்து மனப்பாடம் பண்ணினேன். சம்பந்தியை 'நீ' என்று சொல்ல நாக்கு அழுகிப் போகாதா?

உச்சரிப்பு வேறு. அவர்களுடைய 'ஜி' எழுத்து தொண்டையின் அடியிலிருந்து கிளம்ப வேண்டும். காலையில் பல் தேய்க்கும்போது கொல்லையில் நின்று பழகுவேன். மூன்றாம் நாள் மனைவி சுக்குக் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள், சளி கட்டியிருக்கிறது என்று. ஆற்றில் குளிக்கப் போகும்போது இடுப்பளவு தண்ணீரில் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்த ஒருவர், "என்ன அண்ணாச்சி, எந்தக் கோயில் மந்திரம்?" என்று கேட்டார். மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினேன்.

ஆனி மாதம் பிரியும் வினைச்சொற்களுக்கு வந்தேன். சில வினைச்சொற்களுக்கு முன்னால் ஒரு சின்னத் துண்டு ஒட்டியிருக்கும். வாக்கியத்தில் வைத்ததும் அது கழன்று கடைசியில் போய் உட்காரும். இதற்குப் புத்தகம் கொடுத்த உதாரணம், போனை எடுப்பது என்ற வினைச்சொல். 'அவன் எடுக்கவில்லை போனை' என்று அச்சாகியிருந்தது, பக்கத்தில் போன் ஒலிப்பது போல ஒரு சின்னப் படம். நீல அட்டையை மூடி வைத்துவிட்டு எழுந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்தேன். திரும்பி வந்தேன். மறுபடி நடந்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அவள் கல்யாணத்தன்று காலையில் எனக்குப் போன் பண்ணினாள். நான் அறையில் ஒரு பார்ட்டிக்குப் பத்திரத்தை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். மேஜைமேல் போன் கிடந்து அடித்தது. திரையில் அவள் படம், பத்தாம் வகுப்பில் எடுத்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. பார்ட்டி, "எடுங்க அண்ணாச்சி, அவசரமா இருக்கும்," என்றார். அவசரம் ஒண்ணும் இல்லை என்று சொல்லி, விட்ட இடத்திலிருந்து வாசித்தேன். மூன்றாம் தடவை அடித்தபோது என் குரல் கொஞ்சம் சத்தமாயிற்று, அவ்வளவுதான். அதற்கு அப்புறம் அவள் என் எண்ணுக்குக் கூப்பிட்டதே இல்லை. ஊருக்கு வா என்று மனைவி கெஞ்சும்போதெல்லாம் அவள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "அப்பா கூப்பிட்டா வாரேன்."

இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் இலக்கணம் படித்துக்கொண்டிருந்தேன்.

புரட்டாசியில் ஒரு நாள் மனைவி அதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். நான் கால் தேயத் தேய வீட்டுக்குள்ளேயே நடந்து வாக்கியம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஒரு போன் போட்டு, ஏளா எப்படி இருக்கன்னு கேக்கதுக்கு எத்தன புஸ்தகம் படிக்கணும்?"

"நான் சம்பந்திகிட்ட பேசப் படிக்கேன். ஒனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு எல்லாம் தெரியும். பெத்த பிள்ளைகிட்ட தமிழ்ல பேசப் பயந்துக்கிட்டு, ஊரான் பாஷையில போய் ஒளியுதீங்க."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது இங்கே எழுதும்படியாக இல்லை. அவள் பதிலுக்குக் கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று சாயந்திரம் மகளிடம் பேசி அவளே ஏற்பாடு பண்ணிவிட்டாள். சம்பந்தி வீட்டில் எல்லாரும் வீடியோவில் வருவார்கள். நாள், அன்றிலிருந்து மூன்று வாரம் கழித்து வருகிற ஞாயிற்றுக்கிழமை. அவர்களுக்குக் காலை பத்தரை, நமக்கு மத்தியானம் இரண்டு மணி. மகளும் அங்கே போய் இருப்பாள், ஆனால் மொழிபெயர்க்க மாட்டாளாம்.

"மூணு வாரமா? சம்பந்திகிட்ட பேச டோக்கன் போடணுமாக்கும்?"

"அவங்க டைரியில அன்னைக்குத்தான் எடம் இருக்காம்."

மாட்டுப் பண்ணை வைத்திருந்து ஓய்வு பெற்ற கிழவர், கிழவி. அவர்களுக்கு என்ன டைரி என்று நான் குதித்தேன். ஆனாலும் அந்த மூன்று வாரத்தில் எனக்கும் அது தேவைப்பட்டது. என்ன பேச வேண்டும் என்பது தெளிவாக இருந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்து பெண்ணை அனுப்பும்போது, பெண்ணைப் பெற்றவன் சம்பந்தி முன்னால் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டு, 'எங்க பக்கத்துல ஏதும் குறை இருந்தா மன்னிச்சுக்கிடணும்' என்று சொல்ல வேண்டும். ஒரு குறையும் இருக்காது. பத்து வகைப் பலகாரம் வைத்து, மண்டபம் பிடித்து, கடைசி ஆள் வரைக்கும் சோறு போட்டவனும் சொல்வான். சம்பந்தி உடனே, 'அதெல்லாம் ஒண்ணும் இல்ல, நமக்குள்ள என்ன' என்று கையைப் பிடித்துக்கொள்வார். அதோடு எல்லாம் தீர்ந்தது. என் அக்கா மகள் கல்யாணத்தில் இதைச் சொல்லும்போது அத்தான் குரல் உடைந்து போனது. என் மகள் பிறந்ததிலிருந்து இந்த ஒரு வாக்கியம் எனக்காகக் காத்திருந்தது. சொல்ல இடம் கிடைக்கவில்லை. கிடைக்காததற்குக் காரணமும் நானேதான்.

அந்த வாக்கியத்தை டச்சில் கட்டினேன். 'இருந்தால்' என்று ஆரம்பித்தால் அந்தப் பகுதியில் வினை கடைசிக்குப் போகும். அடுத்த பகுதி வினையிலேயே தொடங்கும். பதினான்கு தடவை எழுதிப் பார்த்தேன். 'நீங்கள்' மரியாதை சரி, 'தயவுசெய்து' சரி, சொல்வரிசை சரி. தூக்கத்தில்கூட அதைச் சொன்னேனாம், மனைவி காலையில் முறைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு மணிக்கே வெள்ளை வேட்டி கட்டிவிட்டேன். மனைவி பட்டுச்சேலை கட்டி, போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தாள். சரியாக இரண்டு மணிக்கு, ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லை, திரையில் அவர்கள் வந்தார்கள். பெரிய சிவப்புக் கன்னத்தோடு சம்பந்தி. கண்ணாடி போட்ட சம்பந்தியம்மாள். ஆறடிக்கு மேல் இருப்பான் போலிருந்த மாப்பிள்ளை. ஓரத்தில், பாதி முகம் மட்டும் தெரிகிற மாதிரி, என் மகள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். எல்லார் கையிலும் காபி.

வணக்கம் சொன்னேன். உடல்நலம் விசாரித்தேன். இத்தனை நாள் பதில் போடாமல் இருந்த அட்டைக்கு நன்றி சொன்னேன். சம்பந்தியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு கணவரைத் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை கைதட்டினான். மகள் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நான் எழுந்து நின்றேன். நின்றதில் போனில் என் வேட்டி மட்டும் தெரிந்திருக்கிறது. மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். உட்கார்ந்தபடியே கையைக் கூப்பி, அந்த வாக்கியத்தைப் பிசகில்லாமல் சொன்னேன். எங்கள் பக்கத்தில் ஏதும் தவறு நடந்திருந்தால் தயவுசெய்து நீங்கள் மன்னிக்க வேண்டும்.

சொல்லி முடித்துவிட்டு, 'அதெல்லாம் ஒண்ணும் இல்ல' என்பதற்காகக் காத்திருந்தேன். அவர்கள் பாஷையில் அது என்னவாக இருக்கும் என்றுகூடத் தேடி வைத்திருந்தேன்.

சம்பந்தியம்மாள் கோப்பையைக் கீழே வைத்தார். மூக்குக்கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு, என்னைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்:

"எந்தத் தவறு?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. சபையில் வைத்து இப்படியா கேட்பார்கள்? ஆனால் அவர் முகத்தில் நக்கல் இல்லை. ஒருவர் மன்னிப்புக் கேட்டால், எதற்கு என்று தெரிந்துகொள்ளாமல் எப்படி மன்னிப்பது என்பது அவருடைய நியாயம். சம்பந்தியும் முன்னால் சாய்ந்து, நான் சொல்வதைக் கேட்கக் காதைக் கொடுத்தார். மாப்பிள்ளைக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். இது இந்தியாவில் சும்மா சொல்வது என்று ஏதோ விளக்க வாயெடுத்தான். அப்போது ஓரத்திலிருந்து என் மகள், தலையைத் தூக்காமலேயே, டச்சில் சொன்னாள்:

"விடு. அவர் சொல்லட்டும்."

மூன்று வருஷத்துக்குப் பிறகு நான் கேட்ட அவள் குரல்.

நான் கட்டி வைத்திருந்த வாக்கியம் முடிந்துவிட்டது. கையில் ஒன்றும் இல்லை. மனைவியைப் பார்த்தேன். அவளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனாலும் என்ன நடக்கிறது என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது, என் கண்ணைப் பார்க்காமல் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்க வேண்டும்போல் இருந்தது. செம்பை எடுத்தால் போன் விழுந்துவிடும். பேசினேன். வினை இரண்டாவதாக வந்ததா, 'நான்' முன்னால் நின்றதா பின்னால் நின்றதா, ஒன்றும் பார்க்கவில்லை.

"கல்யாணத்தன்று காலையில் என் மகள் போன் பண்ணினாள். மூன்று தடவை. நான் எடுக்கவில்லை."

சம்பந்தியம்மாள், "ஏன்?" என்றார்.

"ஏனென்றால் எனக்குக் கோபம்." அது போதவில்லை என்று அவர் காத்திருந்ததிலிருந்து தெரிந்தது. "ஏனென்றால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குப் பயம். போன் என் முன்னால்தான் இருந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்."

அவர்கள் வீட்டில் எங்கேயோ ஒரு கடிகாரம் அடித்து ஓய்ந்தது. சம்பந்தியம்மாளின் கண் நிறைந்திருந்தது. இனி ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகச் சொன்னார்:

"இதை நீங்கள் சொல்ல வேண்டியது என்னிடம் அல்ல."

சொல்லிவிட்டு, போனைக் கையில் எடுத்து, என் மகளின் முன்னால் கொண்டுபோய் வைத்தார். இப்போது திரையில் அவள் மட்டும் இருந்தாள். முழு முகமும் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடிக்கும்போது என் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவள் முகம்.

எனக்கு வாயில் டச்சுதான் வந்தது. எட்டு மாசமாக அதையேதான் மென்று கொண்டிருந்தேன். 'நான் எடுக்கவில்லை போனை' என்று ஆரம்பித்தேன். பாதியில் அவள் மறித்தாள்.

"தமிழ்ல சொல்லுங்கப்பா."

ஆயிரக்கணக்கான பேருக்காகத் தமிழில் எழுதிக் கொடுத்தவன் நான். மேற்படியும் ஆகவும் இன்னபிறவும் போட்டு எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியும். அதில் ஒன்றுகூட அப்போது வரவில்லை.

"தப்பு எம் மேலதாம்மா," என்றேன். "அன்னைக்கு நான் போன எடுத்திருக்கணும். நீ வீட்டுக்கு வா. மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கேக்கல," என்றாள். "இன்னொரு தடவ சொல்லுங்க."

லைன் நன்றாகத்தான் இருந்தது. அவளுக்குக் கேட்டிருந்தது என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இன்னொரு தடவை சொன்னேன். முதல் தடவை சொன்னதைவிட அது கஷ்டமாக இருந்தது.